அண்ணன் தம்பி ரோடும் ஒரு ஓட்டை வேனும்

ஆறு மாசமா எங்க வீட்டில் ஒரே பேச்சு இதுதான். ம்யூனிக்கிலிருந்து வேனைக் கிளப்பி, பால்கன் நாடுகளை ஒரு சுத்து சுத்திட்டு, பதினெட்டு நாளில் வீடு திரும்பணும். வண்டி 1999 மாடல் ஃபோக்ஸ்வாகன் டி4. பின்னாடி நானே அடிச்ச ஒரு பலகைக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ரெண்டு தண்ணி கேன். கேம்பர்வேன்னு பேர் வச்சிருக்கோமே தவிர, பார்க்கிறவங்களுக்கு அது காய்கறி வண்டிதான்.

கணக்கும் போட்டாச்சு. மொத்தம் 3,500 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் டீசல்னா 280 லிட்டர். லிட்டர் 1.60 யூரோன்னு வச்சுக்கிட்டா 448 யூரோ. அதோட சுங்கம், கேம்பிங் வாடகை, சாப்பாடு. 1,200 யூரோவைத் தாண்டினால் தங்கமணி என்னை வழியிலேயே இறக்கி விட்டுருவாங்க :-)

காசை மிச்சம் பிடிக்க நான் கண்டுபிடிச்ச ஐடியா: முதல் நாளே ராத்திரி பகலா ஓட்டி பெல்கிரேடு போய்ச் சேர்ந்துடறது. சுமார் 950 கி.மீ. நடுவில் எங்கேயும் தங்க வேண்டாம். ஒரு ராத்திரி வாடகை மிச்சம்.

இந்த மேப்பை சாப்பாட்டு மேஜையில் விரிச்சு வச்சிருந்தப்போதான் மேல் மாடி அம்ஜா வந்தார். துருக்கிக்காரர், எழுபதைத் தாண்டியவர். 'அம்ஜா'ன்னா அவங்க பாஷையில் சித்தப்பா. நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் என்னை 'ஓலும்'பார். அதாவது 'என் மகனே'. மேப்பில் நான் சிவப்புப் பேனாவால் போட்ட கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு சொன்னார்: "இதுல புதுசா என்ன இருக்கு, ஓலும்? இந்த வழியில நாங்க இருபது வருஷம் போனோம். வேன்லதான் தூங்கினோம், வேன்லதான் சாப்பிட்டோம்."

அன்னிக்குத்தான் உறைச்சது. அந்த ரோட்டோட கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

ரோடு பிறந்த கதை

இந்த வழி புதுசு இல்லை. பெல்கிரேடிலிருந்து நீஷ், சோஃபியா வழியா இன்றைய இஸ்தான்புல் வரைக்கும் ரோமானியர்களே ராணுவச் சாலை போட்டிருந்தார்கள். அப்போ பெல்கிரேடுக்குப் பேர் சிங்கிடுனும், நீஷுக்குப் பேர் நைசுஸ். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி பிறந்தது இந்த நீஷில்தான். அதுக்கப்புறம் சிலுவைப்போர்க்காரர்கள், ஓட்டோமான் படைகள், வணிகர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட இதே தடத்தில்தான் போனார்கள். மலைகளுக்கு நடுவில் ஆறு வெட்டி வச்ச பள்ளத்தாக்கு எதுவோ, அதுதான் வழி.

இப்போ இருக்கிற ரோடு ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. 1948ல் டிட்டோ ஸ்டாலினோடு முறிச்சுக்கிட்டார். கிழக்கே இருந்து உதவி நின்னு போச்சு. கையில் காசும் இல்லை, மெஷினும் இல்லை. இருந்தது ஆள் பலம் ஒண்ணுதான். ஜாக்ரெப்பிலிருந்து பெல்கிரேடு வரைக்கும் ரோடு போட பல்லாயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் தொண்டர் படையா வந்தார்கள். மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி. ராத்திரியானா முகாமில் எழுத்தறிவு வகுப்பு. படிக்கத் தெரியாம வந்து, படிக்கக் கத்துக்கிட்டு ஊருக்குத் திரும்பினவங்களும் உண்டு. சுமார் 380 கி.மீ. நீளமுள்ள இந்தப் பகுதி 1950 ஜூலையில் திறக்கப்பட்டது. அப்புறம் மேற்கே லுப்லியானா, ஆஸ்திரியா எல்லை வரைக்கும், தெற்கே ஸ்கோப்யே, கிரீஸ் எல்லை வரைக்கும் நீட்டினார்கள்.

பேர் என்ன தெரியுமா? 'சகோதரத்துவம், ஒற்றுமை' நெடுஞ்சாலை. அதுதான் யூகோஸ்லாவியாவோட கொள்கை வாசகமும். நான் வீட்டில் சுருக்கமா 'அண்ணன் தம்பி ரோடு'ன்னு சொல்றேன். போரில் ஒருத்தரை ஒருத்தர் கொன்ன ஸ்லோவேனியர், குரோஷியர், செர்பியர், மாசிடோனியர் எல்லாரையும் ஒரே ரோட்டில் கோர்த்துடலாம்னு டிட்டோவுக்கு நம்பிக்கை.

நமக்கும் இந்த டிட்டோ அந்நியர் இல்லை. 1956 ஜூலையில் பிரியூனி தீவில் நேருவும் நாசரும் டிட்டோவும் உட்கார்ந்து பேசினார்கள். 1961ல் அணிசேரா நாடுகளோட முதல் மாநாடு பெல்கிரேடில்தான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்சதும் மறந்தோமே, அதே அணிசேரா இயக்கம்தான்.

1967ல் இன்னும் ஒரு விஷயம் பண்ணினார்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கு விசாவே வேண்டாம்னு அறிவிச்சுட்டார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த நாடுகளில் இதை முதலில் செய்தது அவர்கள்தான். ஏற்கனவே 1957லேயே லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பஸ் யூகோஸ்லாவியா வழியா ஓடியிருக்கு. அறுபதுகள் எழுபதுகளில் ஹிப்பிகள் பழைய ஃபோக்ஸ்வாகன் வேன்களில் இதே வழியாத்தான் காபூலுக்கும் கோவாவுக்கும் கிளம்பினார்கள். 1979ல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அதோடு அந்தப் பாட்டு முடிஞ்சது.

வேனில் வாழ்ந்தவர்கள்

ஆனா ஹிப்பிகளை விடப் பல மடங்கு அதிகமா இந்த ரோட்டில் போனவர்களைப் பற்றிப் பயணப் புத்தகங்களில் அவ்வளவா பேச்சு இருக்காது. அவர்கள் அம்ஜா மாதிரி ஆட்கள்.

1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஒப்பந்தம் போட்டன. ஜெர்மனியில் தொழிற்சாலை நிறைய, ஆள் பஞ்சம். 1968ல் யூகோஸ்லாவியாவோடும் அதே மாதிரி ஒப்பந்தம். 'விருந்தாளித் தொழிலாளி'ன்னு பேர் வச்சார்கள். விருந்தாளின்னா ஒரு நாள் கிளம்பிடணும் இல்லையா, அந்த அர்த்தத்தில்தான். 1973 நவம்பரில் ஆள் எடுக்கிறதை ஜெர்மனி நிறுத்தினதும், "இப்போ போனா திரும்ப வர முடியாது"ன்னு பயந்து பலர் இங்கேயே தங்கி, குடும்பத்தையும் வரவழைச்சுக்கிட்டார்கள். அதுக்கப்புறம் கோடை லீவில் ஊருக்குப் போறதுன்னா தனி ஆள் ரயில் ஏறுற கதை இல்லை. குடும்பமே கிளம்பணும்.

அம்ஜா 1970ல் வந்தவர். 1974ல் ஒரு பழைய ஃபோர்டு டிரான்சிட் வாங்கினார். துருக்கிக்காரர்கள் மத்தியில் அந்த வேனுக்கு அப்படி ஒரு மவுசு. அவர், மனைவி, மூணு பிள்ளைகள், மச்சினர். மேலே கூரையில் தையல் மெஷின், டிவி பெட்டி, யாரோ கொடுத்து விட்ட கோட்டு. ம்யூனிக்கிலிருந்து இஸ்தான்புல் சுமார் 1,900 கி.மீ. லீவு நாலே வாரம். வழியில் ஓட்டலில் தங்கினா ஊருக்குக் கொண்டு போற காசு கரையும். அதனால் ரெண்டு பேர் மாத்தி மாத்தி ராத்திரி பகலா ஓட்டுவார்களாம். அதாவது என்னோட அதே ஐடியா!

ரோடு அப்போ எப்படி? பெரும் பகுதியில் போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் தடுப்பு கிடையாது. எதிரில் லாரி, முன்னாடி டிராக்டர், பக்கத்தில் தூங்கி வழியும் மச்சினர். மேடு பள்ளம் இல்லாத, வளைவே இல்லாத சமவெளி ரோடு. அதுதான் தூக்கத்தைக் கொண்டு வரும். கோடை காலத்தில் விபத்துச் செய்தி வராத வாரம் இல்லை. மரணச் சாலைன்னே ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின.

1978ல் விடியற்காலை நேரம். ஜாக்ரெப்புக்கும் பெல்கிரேடுக்கும் நடுவில். அம்ஜாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர், தன் குடும்பத்தோடு முன்னால் போன காரில் இருந்தார். ரெண்டு வண்டியும் சேர்ந்தே கிளம்பினவை. "கார் மெதுவா இடது பக்கம் போச்சு. ஓவர்டேக் பண்றான்னு நினைச்சேன்." அதுக்கு மேல் அவர் சொல்லலை, நானும் கேட்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஒரு ராத்திரி வாடகை அப்போ இருபது மார்க் இருக்கும்"னு மட்டும் சொன்னார்.

ரோடு அறுந்தது

1980 மே மாசம் டிட்டோ போனார். பத்து வருஷத்தில் நாடும் தள்ளாட ஆரம்பிச்சது. 1990 ஆகஸ்டில் குரோஷியாவில் கினின் ஊர்ப் பக்கம் செர்பியர்கள் மரங்களை வெட்டி ரோட்டில் போட்டு மறித்தார்கள். 'மரக்கட்டைப் புரட்சி'ன்னே பேர் நின்னு போச்சு. 1991 ஜூனில் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் சுதந்திரம் அறிவிச்சன. போர் வந்ததும் மேற்கு ஸ்லவோனியாவில் ஒகுச்சானி பக்கம் அண்ணன் தம்பி ரோடு துண்டாச்சு. ஜாக்ரெப்பும் பெல்கிரேடும் ஒரே ரோட்டோட ரெண்டு முனை. ஆனா ஒண்ணிலிருந்து இன்னொண்ணுக்குப் போக முடியாது. 1994 டிசம்பரில் ஒரு உடன்பாட்டில் திறந்து, மறுபடி மூடி, 1995 மே மாதம் குரோஷியப் படை அந்தப் பகுதியைப் பிடித்தது. அங்கே இருந்த செர்பியர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

மண்வெட்டியோட வந்து அந்த ரோட்டைப் போட்டவர்களில் எத்தனை பேர் இதைப் பார்க்க உயிரோட இருந்திருப்பார்கள்? அப்போ இருபது வயசுன்னா 1991ல் அறுபதைத் தாண்டியிருக்கும். பார்த்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

போர் நடந்த வருஷங்களில் துருக்கிக் குடும்பங்கள் ஹங்கேரி, ருமேனியா வழியா சுத்திப் போனார்கள். சிலர் இத்தாலி போய்க் கப்பல் பிடித்தார்கள்.

இப்போ எங்க பிளான்

அன்னிக்கு ஒரே நாடா இருந்த இடத்தில் இன்னிக்கு ஸ்லோவேனியா, குரோஷியா, செர்பியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ (2006), கொசோவோ (2008), வடக்கு மாசிடோனியா (இந்தப் பேர் 2019லிருந்து). வழி போடும்போது ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் ஒரு சரித்திரம் உட்கார்ந்திருக்கு:

1. முதல் நாள் 350 கி.மீ. மட்டும். இருட்டினதும் வண்டி நிக்கும். பெல்கிரேடு மூணாவது நாள். வாடகை கூடப் போகட்டும்.

2. கொசோவோவைத் தனி நாடா செர்பியா ஏத்துக்கலை. மாசிடோனியா பக்கமிருந்து கொசோவோவுக்குள் போய், அங்கிருந்து நேரா செர்பியாவுக்குள் நுழையப் பார்த்தால், "எங்க நாட்டுக்குள் எப்படி வந்தே?"ன்னு திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. அதனால் செர்பியா முதலில், மத்ததெல்லாம் அப்புறம்.

3. நீஷில் ஒரு நாள் முழுசா. 1809ல் நடந்த போரில் தோத்த செர்பியர்களோட மண்டை ஓடுகளைப் பதிச்சு ஓட்டோமான் தளபதி கட்டின கோபுரம் அங்கே இருக்கு. 952 மண்டை ஓடுகளில் இப்போ மிச்சம் 58. போற வர்றவங்க பார்த்துப் பயப்படணும்னே இஸ்தான்புல் போற சாலை ஓரத்தில் கட்டினது.

4. ஸ்கோப்யேயில் பழைய ரயில் நிலையக் கடிகாரம். 1963 ஜூலை 26 பூகம்பத்தில் 5:17க்கு நின்னது, அப்படியே விட்டு வச்சிருக்கார்கள்.

5. அப்புறம் ஓஹ்ரிட் ஏரி, அல்பேனியா. 1991 வரைக்கும் அங்கே தனியார் கார் வச்சுக்கவே அனுமதி இல்லை. அடுத்து மாண்டினீக்ரோ, துப்ரோவ்னிக். அங்கிருந்து மோஸ்தார் போக 2022ல் திறந்த பெலெஷாட்ஸ் பாலம். 2.4 கி.மீ., சுங்கம் கிடையாது, நடுவில் நேயும் எல்லையில் நிக்கவும் வேண்டாம். வெனிஸ்காரன் பக்கத்தில் வந்துடக் கூடாதுன்னு துப்ரோவ்னிக் குடியரசு ஒரு துண்டு கடற்கரையை ஓட்டோமான்களுக்கு விட்டுக் கொடுத்து 300 வருஷத்துக்கு மேல் ஆச்சு. அதனால்தான் இன்னும் அங்கே குரோஷியா ரெண்டா கிடக்கு.

6. போஸ்னியாவில் தார் ரோட்டை விட்டு வண்டியை இறக்கக் கூடாது. காசு மிச்சம்னு காட்டோரமா நிறுத்தித் தூங்குறதெல்லாம் அங்கே வேண்டாம். 1992-95 போரில் புதைச்ச கண்ணிவெடிகள் இன்னும் முழுசா எடுத்து முடியலை. கேம்பிங்தான், வாடகை கொடுத்து.

கொசுறா ஒரு தகவல்: போஸ்னியா நாணயத்தின் பேர் மாற்றத்தக்க மார்க். 1998ல் ஜெர்மன் மார்க்குக்குச் சமமா வச்சது. ஜெர்மனியில் மார்க் செத்துப் போச்சு, அங்கே பேர் மட்டும் உயிரோட இருக்கு. அம்ஜாகிட்ட சொன்னப்போ ரொம்ப நேரம் சிரிச்சார்.

புது பிளானைக் காட்டினேன். நீஷ்ல ஒரு நாள், பெல்கிரேடுல ரெண்டு நாள்னு எழுதியிருந்ததை விரலால் தடவிப் பார்த்தார். "பெல்கிரேடுல ரெண்டு ஆறு சேருற இடம் இருக்குன்னு சொல்வாங்களே, அதைப் பார்ப்பியா?" சாவாவும் டான்யூபும் சேருற இடம். கோட்டை மேல நின்னா தெரியும்னு சொன்னேன்.

"இருபது வருஷம் அந்த ஊர் வழியாப் போனேன், ஓலும். ஒரு தடவை கூட வண்டியை நிறுத்தினதில்லை."

கூட வாங்களேன்னு கேட்டதுக்கு முட்டியைத் தட்டிக் காட்டினார். அதனால் அந்தக் கோட்டை மேல நின்னு அவருக்கு ஃபோன் போடறதா முடிவு. அவரோட பழைய பிளாஸ்க் ஒண்ணு இப்போ எங்க வேனில் இருக்கு.

செலவு 1,350 யூரோவுக்கு ஏறிடுச்சு. தங்கமணி ஒண்ணும் சொல்லலை.

டிஸ்கி: அல்பேனியா மலை ரோட்டில் பழைய வேன் ஓட்டின அனுபவம் உள்ள மக்கள் யாராவது இருந்தா, பிரேக் விஷயத்தில் ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. புண்ணியமாப் போகும்.