எந்த நாட்டின் கணக்கிலும் சேராத புகை

தில்லியிலிருந்து மும்பைக்குப் பறக்கும் விமானம் வெளியிடும் கரியமில வாயு இந்தியாவின் உமிழ்வுக் கணக்கில் சேர்கிறது. தில்லியிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் விமானத்தின் புகையோ எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்வதில்லை; தேசிய அறிக்கைகளில் தனிக்குறிப்பாக மட்டுமே இடம்பெறுகிறது. இவ்விலக்கு தற்செயலானதன்று, அதற்கொரு வரலாறு உண்டு.

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, வந்திறங்கும் விமானத்தில் எஞ்சியிருக்கும் எரிபொருளுக்குச் சுங்க வரி விதிக்கலாகாது என்றது. பின்வந்த இருதரப்பு ஒப்பந்தங்கள் பல, புறப்படும் நாட்டில் நிரப்பப்படும் எரிபொருளுக்கும் அச்சலுகையை நீட்டித்தன. வான்வழித் தொடர்பை வளர்ப்பதே அன்றைய நோக்கம். புவி வெப்பமாதல் அந்நோக்கத்தில் இடம்பெறவில்லை.

1990களில் வேறொரு சிக்கல் எழுந்தது. இப்புகையை யார் பெயரில் எழுதுவது? எரிபொருளை விற்ற நாட்டின் பெயரிலா, விமான நிறுவனத்தின் நாட்டின் பெயரிலா, பயணியின் நாட்டின் பெயரிலா? உடன்பாடு எட்டப்படவில்லை. 1997ஆம் ஆண்டின் கியோட்டோ நெறிமுறை, வளர்ந்த நாடுகள் இப்பொறுப்பைப் பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் வழியே நிறைவேற்ற வேண்டும் என்று கூறி அமைந்தது.

1999இல் வெளியான ஐ.பி.சி.சி. சிறப்பறிக்கை, பிரச்சினை கரியமில வாயுவோடு முடிவதில்லை என்று காட்டியது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் விமானங்கள் விட்டுச்செல்லும் உறைபனித் தடங்களும் வெப்பமாதலில் பங்கேற்கின்றன.

2012 முதல் தன் நிலையங்களுக்கு வந்துபோகும் எல்லா விமானங்களையும் ஐரோப்பிய ஒன்றியம் தன் உமிழ்வு வணிகத் திட்டத்திற்குள் கொண்டுவந்தது. இந்தியா, சீனா, அமெரிக்கா, ரஷ்யா ஆகியவை எதிர்த்தன. 2011 செப்டம்பரில் தில்லியிலேயே எதிர்ப்புப் பிரகடனம் வெளியானது. இந்தியாவின் வாதத்தில் நியாயம் இருந்தது: நெடுங்காலம் பறந்து வளர்ந்த நாடுகளையும் அண்மையில் பறக்கத் தொடங்கிய நாடுகளையும் ஒரே தராசில் நிறுக்க இயலாது. 2012 நவம்பரில், ஐரோப்பாவுக்கு வெளியிலான பயணங்களுக்கு அத்திட்டத்தை நிறுத்திவைக்க ஒன்றியம் முன்வந்தது.

2016இல் மாண்ட்ரியலில் ஏற்கப்பட்ட கோர்சியா திட்டம், நிர்ணயித்த அளவுக்கு மேற்பட்ட உமிழ்வை மட்டும் கார்பன் வரவுகளால் ஈடுசெய்யச் சொல்கிறது. 2027 முதல் இந்தியாவும் அதில் அடங்கும். ஆயினும் அது கரியமில வாயுவை மட்டுமே எண்ணுகிறது. உறைபனித் தடங்கள் அதன் கணக்கில் இல்லை.

இப்புகையை அளப்பது எளிது. ஒவ்வொரு பயணத்திலும் எரிந்த எரிபொருளின் அளவு நிறுவனங்களுக்குத் தெரியும். அதற்குரியவர் யார் என்பதில்தான் இழுபறி நீண்டது. நியாயமான பங்கீடு வேண்டும் என்ற கோரிக்கை சரியானதே. ஆனால் பங்கீடு முடியும்வரை எண்ணிக்கையே வேண்டாம் என்று ஒத்திவைத்ததன் விலையை, ஒருமுறையும் விமானம் ஏறாதவர்களும் சேர்ந்தே செலுத்துகின்றனர்.