யோஷிடாவின் வறண்ட கிற்றார்

யப்பானியப் பாடலாசிரியரும் பாடகருமான தக்குரோ யோஷிடா 1946 இல் ககோஷிமாவில் பிறந்து ஹிரோஷிமாவில் வளர்ந்தவர். அவருடைய பாடல் வரிகளைப் பற்றி யப்பானியர் நிறையவே எழுதிவிட்டார்கள். என் அக்கறையெல்லாம் அவருடைய வலது கையைப் பற்றியது.

அவரோடு சேர்த்து நினைக்கப்படும் வாத்தியம் அமெரிக்காவின் கிப்சன் ஜே-45. 1942 இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரிலிருந்து விற்பனைக்கு வந்த கிற்றார் இது. முகப்புப் பலகை ஸ்புறூஸ். பக்கங்களும் முதுகும் மகோகனி. ரோஸ்வூட் முதுகு கொண்ட மார்ட்டின் டி-28 இல் ஒரு தந்தியைச் சுண்டினால் நாதம் மணியோசை போல் நீண்டு நிற்கும். ஜே-45 இலோ எழுந்த நாதம் விரைவில் அடங்கிவிடும். 1960களில் வந்த ஜே-45களில் தந்திகள் ஏறிநிற்கும் குதிரையின் மேற்கட்டையைத் திருகாணியால் உயர்த்தவும் தாழ்த்தவும் வழி செய்திருந்தார்கள். அதனால் ஓசை இன்னும் வறண்டது. இதைக் குறை என்போர் பலர். யப்பானியரோ 'ஜக்கி ஜக்கி' என்ற ஒலிக்குறிப்பால் இந்த ஓசையை விரும்பிச் சுட்டுகிறார்கள்.

யோஷிடாவின் பாடல்களில் சொற்கள் அதிகம்; பல இடங்களில் பாட்டு பேச்சாகவே ஓடும். நீண்டு ஒலிக்கும் கிற்றார் அந்தச் சொற்களை மூழ்கடித்திருக்கும். இளமையில் அவர் 'டவுன்டவுன்ஸ்' என்ற குழுவில், இவக்குனியிலிருந்த அமெரிக்கத் தளத்தில் 'ரிதம் அன்ட் புளூஸ்' இசைத்தவர். தந்திகளைப் பறை போல் அறையும் பழக்கம் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அக்காலத்து யப்பானில் 'போக்' இசை அரசியல் எதிர்ப்பின் குரலாக இருந்தது. ஒரு மனிதன், ஒரு கிற்றார், அதுவே தூய்மை. 1971 ஆகஸ்டில் நக்காட்சுகாவா விழாவின் சிறு மேடையில் ஒரே பாடலை நெடுநேரம் பாடி யோஷிடா கூட்டத்தைக் கட்டிப்போட்டார். ஆனால் 1972 ஜனவரியில் வெளியான 'கெக்கோன் ஷியோயோ' என்ற திருமணப் பாட்டு பெருவெற்றி பெற்றதும், 'கயெரே' (திரும்பிப் போ) என்று மேடைக்கு எதிரே கூச்சல் எழுந்தது. காசுக்காகப் போக்கைக் காட்டிக்கொடுத்தவர் என்பது குற்றச்சாட்டு. 1965 இல் நியூபோர்ட்டில் பொப் டிலன் மின்கிற்றாரை ஏந்தியபோதும் கூச்சல் எழுந்தது. யோஷிடாவைத் துரோகி என்றவர்கள் அவரைச் சரியாகக் கேட்கவில்லை என்றே சொல்வேன். அவர் கூட்டிசையிலிருந்து வந்தவர். தனிக்கிற்றார்த் துறவியாக ஒருபோதும் இருந்ததில்லை.

கூச்சலுக்கு அவர் பணியவில்லை. 1973 நவம்பரில் ரோக்கியோ நக்கானோ சன் பிளாசாவில் பித்தளைக் குழல்கள், வயலின்கள், மசயோஷி தக்கனக்காவின் மின்கிற்றார் எனப் பெருங்குழுவோடு பாடினார். 1975 ஆகஸ்டில் சுமகோயியில் விடியவிடிய நடந்த நிகழ்ச்சிக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டனர். 2022 இல் வெளியிட்ட இசைத்தொகுப்பே தமது இறுதித் தொகுப்பு என்று அறிவித்தார்.

பழைய ஜே-45 ஒன்று கைக்கு வந்தால் அந்தத் திருகாணிக் கட்டையைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கட்டையைப் பொருத்துவோர் அமெரிக்காவில் பலர். யப்பானில், அது கழற்றப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவோர் உண்டு.