முகவரி பெற்ற விளக்குகள்



வெசாக் திருநாளிலே கொழும்பு மாநகரின் தோரணங்களைக் கண்டு நின்றவர்கள், மின்குமிழ்கள் ஓடுவதும் சுழல்வதும் மலர்வதுமாக விளையாடும் காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். உண்மையில் எந்தக் குமிழும் ஓடுவதில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டே, முறை வரும்போது எரிந்து, முறை போனதும் அணைகிறது. ஓட்டம் நம் கண்ணிலேதான் பிறக்கிறது. பழைய தோரணங்களில் அம்முறையை வகுத்துக் கொடுத்தது, செப்புத் தகடுகள் பதித்த ஓர் உருளை. அது சுழலுகையில் தகடு தொட்ட கம்பிக்கு மின்சாரம் பாயும். தொடாத கம்பிக்குரிய குமிழ்கள் இருளில் கிடக்கும்.

நியூயோர்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்திலும் இத்தகைய வித்தையொன்று நிகழ்ந்தது. 1928ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், அங்குள்ள பத்திரிகைக் கட்டடத்தைச் சுற்றி 14,800 மின்குமிழ்கள் செய்தி எழுதத் தொடங்கின. ஜனாதிபதித் தேர்தலில் ஹூவர் வென்ற செய்தி, ஒளி எழுத்துக்களாக ஊர்ந்து சென்றது. கட்டடத்தினுள்ளே எழுத்து அச்சுக்கள் ஒரு சங்கிலிப் பொறியில் நகர்ந்து, மின்தொடுகைகளைத் தொட்டுச் சென்றமையே அதன் இரகசியம்.

இத்தகைய முறைக்குப் பெரிய தடையொன்று இருந்தது. தனித்து ஆளப்படவேண்டிய ஒவ்வொரு விளக்குக்கும் தனிக்கம்பி வேண்டும். விளக்குகள் பல்லாயிரமானால் கம்பிகளும் பல்லாயிரமாகும். மேலும், குமிழினுள் இருக்கும் இழை சூடேறவும் ஆறவும் நேரம் எடுக்கும். ஆகவே விரைவான ஒளிமாற்றத்துக்கு அது இசையாது.

இரண்டாவது குறையை நீக்கியது ஒளிகாலும் இருவாயி, நாம் எல்.ஈ.டி. என்று வழங்குவது. 1962இல் ஹொலொனியாக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் கண்ணுக்குப் புலனாகும் செந்நிற ஒளி தருவதை ஆக்கினார். வெண்ணிற ஒளிக்கு வழிவகுத்த நீலநிற விளக்கு, யப்பானிய அறிஞர்களின் நெடிய உழைப்பால் 1990களின் தொடக்கத்திலேயே கைகூடியது. அதன் பொருட்டு அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர் 2014இல் நோபல் பரிசு பெற்றனர்.

முதலாவது குறையை நீக்கியது மற்றொரு சிந்தனை. கம்பியைப் பெருக்காமல், விளக்குக்கு அறிவு கொடுத்தால் என்ன? ஒவ்வொரு விளக்கோடும் ஒரு சிறு சில்லைச் சேர்த்துவிட்டால், ஒரே கம்பியில் எல்லோருக்குமான செய்தியையும் அனுப்பலாம். இதில் இரு வழிகள் உண்டு. ஒன்று, வீட்டிலக்கம் பார்த்துக் கடிதம் கொடுக்கும் தபாற்காரர் வழி: ஒவ்வொரு விளக்கும் தன் இலக்கத்துக்குரிய செய்தியை மட்டும் ஏற்கும். மற்றையது, பந்தியில் வாழையிலைக் கட்டைக் கைமாற்றுவது போன்றது: முதல்வர் மேலுள்ள இலையை எடுத்துக்கொண்டு மிகுதியை அடுத்தவருக்குத் தள்ளுவார். இரண்டாம் முறையில் இயங்கும் சாதாரண விளக்குச் சரமொன்றில் ஆயிரம் விளக்குகளுக்கும் செய்தி சென்றடைய, ஒரு செக்கனில் நூறில் மூன்று பங்கே போதும்.

இக்கலை திறந்த வெளிக்கு வந்த கதைக்கு ஒரு பாலைவனமே தொட்டில். 1997இல் அமெரிக்காவின் நெவாடாப் பாலையில் நடந்த கலைவிழாவொன்றுக்குச் சென்ற லியோ வில்லரியல் என்னும் கலைஞர், இரவில் தம் தங்குமிடத்துக்குத் திரும்ப வழி தெரியும்பொருட்டு, வண்டியின் மேலே 16 விளக்குகளைப் பொருத்தி, ஒரு சிறு சில்லினால் அவற்றை மின்னச் செய்தார். வழிகாட்டியாக அமைத்தது, தூரத்திலிருந்து பார்த்தபோது கலையாகத் தோன்றியது.

பதினாறு ஆண்டுகளின் பின் அவருக்கு வாய்த்த திரை, சான் பிரான்சிஸ்கோ நகரையும் ஓக்லண்ட் நகரையும் இணைக்கும் விரிகுடாப் பாலம். 1936 நவம்பரில் திறக்கப்பட்ட அப்பாலம், ஆறு மாதங்கள் கழித்துத் திறக்கப்பட்ட கோல்டன் கேற் பாலத்தின் புகழில் மறைந்து போயிற்று. உழைப்பெல்லாம் மூத்தாளுக்கு, அழகென்ற பெயரெல்லாம் இளையாளுக்கு என்ற கதைதான். அதன் 75ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி அதை ஒளியால் அலங்கரிக்கும் எண்ணம் பென் டேவிஸ் என்பாருக்குத் தோன்றியது. எண்பது இலட்சம் டொலர் நன்கொடையாகத் திரட்டப்பட்டது.

மேற்குப் பகுதியின் தொங்குவடங்களில், ஏறத்தாழ 1.8 மைல் நீளத்துக்கு 25,000 வெண்விளக்குகள் ஓரடிக்கு ஒன்றாகக் கட்டப்பட்டன. சாரதிகளின் கண் கூசலாகாது என்பதால் அவை நகரை நோக்கியே அமைந்தன. 2013 மார்ச் 5ஆம் நாள் அவை ஒளிர்ந்தபோது, அலையும் முகிலும் மீன்கூட்டமும் போன்ற தோற்றங்கள் பாலத்தில் மிதந்தன. இன்னதென்று சொல்லும் உருவம் எதுவுமில்லை. ஒரே கோலம் மீண்டும் வருவதுமில்லை.

ஆயினும், வீட்டினுள் எரியும் விளக்கு வேறு, கடற்காற்றில் எரியும் விளக்கு வேறு. நீண்ட கம்பியில் மின்னழுத்தம் குறைந்து கடைக்கோடி விளக்கு மங்கும். ஆகவே இடையிடையே மின்சாரம் ஊட்டவேண்டும். நீர்த்துளி ஒன்று புகுந்தாலும் சில்லு செத்துவிடும். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். வாகனங்களின் அதிர்ச்சி இணைப்புகளைத் தளர்த்தும். இரண்டாண்டுகளுக்கென அமைந்த அவ்விளக்குகள் 2015இல் அணைக்கப்பட்டன. மக்கள் விருப்பத்தால், உறுதி கூடிய புதியவை 2016 சனவரியில் ஏற்றப்பட்டு, மாநிலத்துக்கே உரிமையாக்கப்பட்டன. அவையும் காற்றுக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்க இயலாமல் வரிசை வரிசையாகப் பழுதுறவே, 2023 மார்ச் 5ஆம் நாள், சரியாகப் பத்தாண்டு நிறைவில், பாலம் மீண்டும் இருளடைந்தது. மேலும் வலிய விளக்குகளுக்காக மறுபடியும் நன்கொடை திரட்டும் பணி தொடங்கிற்று.

கல்லிலே செதுக்கியவன் தன் படைப்பை விட்டுச் செல்லலாம். ஒளியிலே செதுக்குபவனுக்கு அப்பேறு இல்லை. அவன் படைப்பு நாள்தோறும் ஒருவர் காத்தால்தான் வாழும். தோரணம் கட்டுகின்ற நம் ஊர்த் தொழிலாளர், காட்சி தொடங்கிய பின்னும் உருளையின் அருகில் விழித்திருப்பதன் பொருளும் அதுவே. இருபத்தையாயிரம் விளக்குகளுக்கும் முகவரி கொடுத்துவிட்டது விஞ்ஞானம். அணைந்துபோன ஒன்றின் முகவரியைத் தேடி, இரவிலே காற்றில் ஏணி ஏற ஒரு மனிதன் இன்னமும் வேண்டியிருக்கிறது.