செப்பேடும் மானிய மனுவும்

கொச்சியில் இருந்துகொண்டு மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போகாத தமிழர் இருக்கமாட்டார். ஊரிலிருந்து சொந்தக்காரங்க வந்தால் அரண்மனையைக் காட்டி, அப்படியே பரதேசி ஜெபாலயத்தையும் காட்டித் திரும்புகிறோம். 1568-இல் எழுந்த அந்தக் கட்டடத்தின் பீங்கான் ஓடுகளை எல்லோரும் ரசிக்கிறார்கள். அச்சபையார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த செப்பேட்டைப் பற்றி விசாரிப்பவர் குறைவு.

வந்தவாசிப் பக்கமிருந்து வந்து இங்கே மிளகும் சுக்கும் வியாபாரம் பார்த்த தமிழ்ச் சமணன் நான். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கடை அடைத்த பிறகு வட்டெழுத்து படித்தவன். அந்தப் படிப்பில் எனக்குப் பிடிபட்ட ஒன்று, சங்கம் நடத்தும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். மானியம், கிராண்ட் என்று நாம் இன்று சொல்வது நம்ம மண்ணுக்குப் புதிதல்ல. அதை வாங்கும் முறையும் காக்கும் முறையும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செம்பில் எழுதப்பட்டுள்ளன.

மூன்று கொடைகள்

முதலாவது பள்ளன்கோயில் செப்பேடு. பல்லவன் சிம்மவர்மன், பருத்திக்குன்றத்துச் சமண முனிவர் வஜ்ரநந்திக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்த செய்தி இதில் உள்ளது. கொடை கி.பி. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட இறையிலிக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர்.

இரண்டாவது, கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. கி.பி. 849-இல், சேரன் தாணு இரவியின் 5-ஆம் ஆட்சியாண்டில், வேணாட்டு அய்யனடிகள் ஒரு கிறித்தவப் பள்ளிக்குக் குடிகளும் நிலமும் உரிமைகளும் அளித்தார். அவற்றைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. அரபி, பாரசீகம், எபிரேய எழுத்தில் பாரசீகம் என்று பல கையெழுத்தில் சாட்சி ஒப்பங்கள் உள்ளன.

மூன்றாவது நம்ம மட்டாஞ்சேரிச் செப்பேடு. சேரன் பாஸ்கர இரவி, முயிரிக்கோட்டில் இருந்தபோது, ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் அளித்தான். காலம் ஏறத்தாழ கி.பி. 1000 என்பர். உல்கும் துலாக்கூலியும், அதாவது சுங்கமும் எடைக் கட்டணமும், தள்ளுபடி. பகல்விளக்கு, குடை, பாவாடை போன்ற சிறப்புகளும் உண்டு. மொழி பழந்தமிழா, பழைய மலையாளமா என்று அறிஞர் வழக்காடுவார்கள். நம் காதுக்கு அந்தச் சொற்கள் அந்நியமல்ல.

செம்பு கேட்கும் ஐந்து கேள்விகள்

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து கேள்விகளுக்கு விடை கிடைக்கிறது. யாருக்கு? எது, எந்த எல்லைவரை? எதற்காக? யார் சாட்சி? இவருக்குப் பிறகு யார்? ரப்பான் செப்பேட்டில் வேணாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளை ஆண்டோர் சாட்சி நிற்கிறார்கள். ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் என்று வாரிசு வரிசையும் சொல்லப்படுகிறது. கொடை என்பது பிச்சை அல்ல, ஒப்பந்தம் என்பது இதனால் விளங்கும்.

இன்றைய மனு

இன்று மானிய மனுவைப் படிக்கும் அதிகாரியும் இதே ஐந்தைத்தான் கேட்கிறார்.

யாருக்கு என்றால், பதிவு பெற்ற அமைப்புக்கு. பழைய திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் 1955-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் நடக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம். பான் கார்டும் வங்கிக் கணக்கும் சங்கத்தின் பேரிலேயே இருக்க வேண்டும். செயலாளர் தம் சொந்தக் கணக்கில் சந்தாவைப் போட்டுவந்ததால் மனு திரும்பிவந்த ஒரு சங்கத்தை நான் அறிவேன். மத்திய அமைச்சகங்களிடம் போவதானால் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிந்த எண்ணும் வேண்டும்.

எல்லை என்றால், திட்டம். "சங்கத்துக்கு உதவி செய்க" என்று எழுதினால் யாரும் தரமாட்டாங்க. எந்தத் தெருவில், எத்தனை பிள்ளைகளுக்கு, எத்தனை மாதம் தமிழ் வகுப்பு, வாடகை எவ்வளவு, ஆசிரியர் சம்பளம் எவ்வளவு, நம் கைப்பணம் எவ்வளவு என்று கணக்காக எழுத வேண்டும்.

எதற்கு வாங்கினோமோ அதற்கே செலவிட வேண்டும். வகுப்புக்கு வந்த பணத்தில் பொங்கல் விழாப் பந்தல் போடலாகாது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்று கொடுத்தாக வேண்டும். ரசீது, மினிட்ஸ் புத்தகம், ஆடிட்டர் கையெழுத்து ஆகியவையே நம் காலத்துச் சாட்சி ஒப்பங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் தனிக் கவனம் தேவை. துபாயில் இருக்கும் தம்பி இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் சிக்கல் இல்லை. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் அது அயல்நாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டு அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் சங்கம் அதைத் தொடக்கூடாது.

கண்முன்னே ஓர் உதாரணம்

ஃபோர்ட் கொச்சி வேளியில் உள்ள தோபிக்கானாவைப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் வந்ததாகச் சொல்லும் தமிழ் வண்ணார் சமூகத்தாருக்காக, பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976-இல் அமைத்த இடம் அது. தனி ஆளுக்குக் கொடுத்த காசாக இருந்தால் அன்றே கரைந்திருக்கும். சமூகத்துக்குக் கிடைத்த பொது வசதி ஆனதாலும், நடத்த வண்ணார் சங்கம் இருந்ததாலும் பல பத்தாண்டு கடந்து நிலைத்தது.

வாரிசு யார்?

ஐந்தாவது கேள்விதான் கடினமானது. ரப்பான் செப்பேடு மருமக்கள் வரை எண்ணி, உலகமும் சந்திரனும் உள்ளளவும் என்று உரிமை கொடுத்தது. 1948-க்குப் பின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். இன்று யூதத் தெருவில் செப்பேட்டின் புகழ் இருக்கிறது. உரிமை கொண்டாட ஆள் இல்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டது. ஆனாலும் எழுதிக் காத்ததால் அவர்கள் இங்கே வாழ்ந்த வாழ்வு சாட்சியோடு நிற்கிறது.

நம் பிள்ளைகளும் பெங்களூர், துபாய் என்று போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பல தமிழ்ச் சங்கங்களின் பைலாவும் பதிவுச் சான்றும் பொருளாளர் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. அவர் காலமானால் சங்கமும் கூடவே போய்விடும். அடுத்த பொதுக்குழுவிலாவது முப்பது வயதுக்குட்பட்ட இருவரை நிர்வாகத்தில் சேர்த்து, ஏடுகள் அனைத்தையும் பட்டியலிட்டு அவர்கள் கையில் ஒப்படையுங்கள். மானியம் கிடைப்பதும் கிடைக்காததும் பிறகு. கேட்பதற்கு முதலில் ஒரு சங்கம் உயிரோடு இருக்க வேண்டுமல்லவா?