மருத்துவச்சியின் இடம்: திருச்சிராப்பள்ளி வட்டாரப் பேறுகால வரலாறு

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் சித்திரைத் தேர்த் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்ற நிகழ்ச்சி உண்டு. பூம்புகாரிலிருந்து வந்த தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, நிறைசூலியான இரத்தினாவதிக்குச் சிவனே தாய் வடிவில் வந்து பேறு பார்த்தார் என்பது தலக்கதை. சைவ எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் இதை விரித்துரைக்கிறது. சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் படைக்கும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. இறைவனே செய்ததாகக் கொண்டாடப்படும் அதே பணியைத் தலைமுறைகளாகச் செய்த பெண்கள் என்ன ஆனார்கள் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தமிழகத்தில் இப்பணி பெரும்பாலும் மருத்துவர் (அம்பட்டர்) சமூகப் பெண்களிடம் இருந்தது. ஆண்கள் முடிதிருத்தலோடு கட்டி கீறுதல், புண்ணுக்கு மருந்திடுதல் ஆகியவற்றையும் செய்தனர்; பெண்கள் பேறு பார்த்தனர். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் தொகுப்பும் இதைப் பதிவு செய்கிறது. இடுப்புவலி எடுத்தது முதல் நஞ்சுக்கொடி விழும்வரை உடனிருப்பது, தொப்புள்கொடி அறுப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, தாய்க்கு வேது பிடிப்பது, காயமருந்தும் பத்தியமும் சொல்வது எல்லாம் மருத்துவச்சியின் பொறுப்பு. கூலி நெல்லாகவும் புடவையாகவும் வந்தது. அவளது பெரிய பலம் அடுத்த தெருவில் இருந்ததுதான். தலக்கதையில் தாயைத் தடுத்த வெள்ளம் அவளைத் தடுக்காது. ஆனால் தீட்டைத் தன் கையால் சுமந்தவள் என்பதால், தான் பேறு பார்த்த வீட்டின் நடுக்கூடத்தில் மற்ற நாளில் அவளுக்கு இடமில்லை. இந்த முரணை விட்டுவிட்டு மருத்துவச்சியின் வரலாற்றை எழுத முடியாது.

சென்னையில் 1844-இல் பிரசவ மருத்துவமனை தொடங்கியது. 1854-இல் அங்கே தாதியர் பயிற்சி வந்தது. 1885-இல் டஃபரின் சீமாட்டி நிதியும் 1903-இல் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியும் ஏற்பட்டன. பின்னது பரம்பரைத் தாதியருக்கு, அதாவது மருத்துவச்சியருக்கு, பயிற்சியளிக்கவே உருவானது. அக்கால அறிக்கைகள் அவர்களை அழுக்கின், அறியாமையின் உருவங்களாகவே காட்டின. கிருமி பற்றிய கவலை நியாயமானது. தூய்மையற்ற கருவியால் கொடி அறுத்ததில் பச்சிளங்குழந்தைகள் இசிவு நோயால் இறந்தது உண்மை. ஆயினும் கருவியின் குற்றம் சாதியின் குற்றமாக எழுதப்பட்டது. 1926-இன் சென்னைத் தாதியர், மருத்துவச்சியர் சட்டம் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 1928-இல் பொன்மலையில் ரயில்வே பணிமனை அமைந்தபின், அதன் ஊழியர் குடும்பங்களுக்கு ரயில்வே மருத்துவமனை கிடைத்தது. இலால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கத்துக் கிராமங்களுக்கு மருத்துவச்சியே மருத்துவமனை.

நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946-இல், போதிய தாதியர் உருவாகும்வரை பரம்பரைத் தாதியருக்குப் பயிற்சி தரச் சொன்னது. அவர்கள் இடைக்கால ஏற்பாடாகிவிட்டனர். 1970-களில் பயிற்சி பரவியது. பின்னர் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். அப்பணிக்குப் பள்ளிப்படிப்பே தகுதி. நூறு பேறு பார்த்த கைக்கு மதிப்பெண் இல்லை. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும் 108 ஊர்தியும் மீதியை முடித்தன.

விளைவு பெருமைக்குரியது. தமிழகத்தில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் இறப்பு 2004-06-இல் 111 ஆக இருந்தது, 2018-20-இல் 54 ஆகக் குறைந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவமனையில் நிகழ்ந்தன. அதே கணக்கெடுப்பில் அறுவைப் பேறு 44.9 விழுக்காடு. இதற்குக் காரணங்கள் பல. வலியில் இருப்பவளின் அருகில் பொறுமையாக அமர்ந்திருக்க ஆள் இல்லாமற்போனதும் அவற்றில் ஒன்று என்றே கருதுகிறேன்.

வேறு வழியும் இருந்தது. கனடாவின் கியூபெக் வடகோடியில், இனுவிட் பெண்கள் பேற்றுக்காகத் தொலைதூரத் தென்பகுதி நகரங்களுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டு வந்தனர். 1986-இல் புவிர்னிட்டுக் ஊரில் பேறுகால நிலையம் திறந்து, இனுவிட் பெண்களையே முறையான தாதியராகப் பயிற்றினார்கள். பாதுகாப்பும் வந்தது, பணியும் அச்சமூகத்திடம் நின்றது. நாம் பாதுகாப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

2018-இல் ஒன்றிய அரசு தாதியர் தலைமையிலான பேறுகாலச் சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்கான பாடத்திட்டத்தில் மருத்துவச்சியரின் அனுபவத்துக்கும் ஓர் இடம் வேண்டும். அவர்களில் எஞ்சியோர் முதுமையில் இருக்கிறார்கள். திருச்சிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் செவிலியர் கல்லூரிகளும் இணைந்து, அவர்கள் சொல்வதை இப்போதே பதிவு செய்ய வேண்டும்.