பிகேஇஎன்ஜே முதல் ஜேடிடி வரை: ஒரு ஜொகூர் காற்பந்துக் கழகத்தின் வரலாறு

உலு திராம் – ஆட்டமுள்ள இரவுகளில் கோத்தா திங்கி சாலையில் நீலமும் சிவப்பும் அணிந்த இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் ஜொகூர் பாருவை நோக்கிச் செல்வது இங்குள்ளவர்களுக்குப் பழகிய காட்சி. தோட்டத்தில் பிறந்து தாமானில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அவர்கள் ஆதரிக்கும் ஜொகூர் டாருல் தாக்சிம், சுருக்கமாக ஜேடிடி, 2014 முதல் 2024-25 பருவம் வரை ஓர் ஆண்டுகூட விடாமல் 11 முறை மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வென்ற அணி. ஆனால் இக்கழகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பலர் சொல்லும் பதில் பாதிதான் சரியாக இருக்கும்.

அலுவலக அணியாகப் பிறந்தது

ஜேடிடியின் வேர் 1972இல் இருக்கிறது. ஜொகூர் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம் பிகேஇஎன்ஜே. அந்த நிறுவனம் தொடங்கிய அணி அதே பெயரில் விளையாடியது. மலேசியத் தேசிய அணி மியூனிக் ஒலிம்பிக்கில் விளையாடி அமெரிக்காவை 3-0 என்று வென்றதும் அதே ஆண்டில்தான். தற்காப்பில் தூணாக நின்ற எம். சந்திரனின் பெயரைத் தோட்டத் திடல்களில் பந்து உதைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். பிகேஇஎன்ஜேயோ அன்று பெரிதாக யாரும் கவனிக்காத அணி. 1996இல் அது ஜொகூர் எஃப்சி என்று பெயர் மாறியது.

இரண்டு அணிகள், ஒரு மாநிலம்

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஜொகூர் என்றதும் மூத்த இரசிகர்கள் நினைப்பது 1985, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகளை. 1985 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கோலாலம்பூரை 2-0 என்றும், 1991இல் சிலாங்கூரை 3-1 என்றும் ஜொகூர் தோற்கடித்தது. 1991இல் லீக் பட்டமும் சேர்ந்தே கிடைத்தது. ஆனால் அந்த வெற்றிகள் பிகேஇஎன்ஜேயுடையவை அல்ல. அவற்றைப் பெற்றது ஜொகூர் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் அணி. இரண்டும் வெவ்வேறு அணிகள். ஒரே மாநிலத்தின் பெயரைச் சுமந்து, ஒரே ஊரின் இரசிகர்களைப் பங்கிட்டுக்கொண்டு, பல ஆண்டுகள் தனித்தனியாகவே நடந்து வந்தன.

2013: எல்லாம் மாறிய ஆண்டு

2012இல் ஜொகூர் பட்டத்து இளவரசர் துங்கு இஸ்மாயில் சுல்தான் இப்ராகிம் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானார். மூவார் நகராண்மைக் கழக அணி உட்பட மாநிலத்தில் சிதறிக் கிடந்த வலிமையை ஒரே அணியில் குவிப்பது என்று முடிவானது. அதற்கு அடித்தளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது மாநிலச் சங்கத்தின் அணி அல்ல, ஜொகூர் எஃப்சிதான். 2013இல் அது டாருல் தாக்சிம் என்ற புதிய பெயரோடு களமிறங்கியது. இரண்டு பெரிய பட்டங்களின் நினைவைச் சுமந்த மாநிலச் சங்க அணி, பின்னர் ஜேடிடி இரண்டு என்ற பெயரில் அதன் துணை அணியாகிவிட்டது.

சிங்கப்பூரின் ஃபண்டி அகமட் பயிற்றுநராக இருந்தார். 2007-08 பருவத்தில் ஸ்பெயின் லா லீகாவில் 27 கோல் அடித்து முதலிடம் பெற்ற டானி குயிசா லார்க்கின் அரங்கில் இறங்கினார். சாஃபி சாலி, நோர்ஷாருல் இட்லான் போன்ற தேசிய ஆட்டக்காரர்களும் சேர்ந்தனர். ஆனாலும் அந்த ஆண்டு எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் கிளந்தானிடம் 0-1 என்று தோல்வி. மறு ஆண்டு அர்ஜெண்டினாவின் பாப்லோ அய்மார் வந்தார். காயத்தால் விரைவிலேயே விலகினார். அவர் போனாலும் அணி நின்றது. 2014இல் முதல் சூப்பர் லீக் பட்டம் கிடைத்தது. ஜொகூருக்கு லீக் பட்டம் வந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

டுஷான்பேயில் ஓர் இரவு

2015 அக்டோபர் 31ஆம் நாள், தாஜிகிஸ்தானின் தலைநகர் டுஷான்பேயில் இஸ்திக்லோல் அணியை 1-0 என்று வென்று ஜேடிடி ஏஎஃப்சி கிண்ணத்தைக் கைப்பற்றியது. கோலை அடித்தவர் லியாண்ட்ரோ வெலாஸ்குவெஸ். தென்கிழக்காசியாவில் இக்கிண்ணத்தை வென்ற முதல் கழகம் இதுவே. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் குவைத்தின் அல் காட்சியாவிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த நிலையில், குவைத் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால் இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை. அதிர்ஷ்டமும் கொஞ்சம் கை கொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த 2015 அணியில் ஒரு தமிழர் இருந்தார். தேசிய அணிக்காக 2010 சுசுகி கிண்ணத்தை வென்ற குழுவில் இடம்பெற்ற எஸ். குணாளன், சிலாங்கூரிலிருந்து வந்து வலப்புறத்தில் விளையாடியவர். 2010 வெற்றிக் குழுவின் பயிற்றுநர் கே. ராஜகோபால் என்பதும் நம் சமூகம் மறக்காத செய்தி.

மறு ஆண்டு ஏஎஃப்சி கிண்ண அரையிறுதியில் ஜேடிடியைத் தடுத்தது இந்தியாவின் பெங்களூரு எஃப்சி. லார்க்கினில் 1-1. பெங்களூருவில் சுனில் சேத்ரி இரண்டு கோல் அடிக்க 1-3 என்று தோல்வி. எந்தப் பக்கம் கைதட்டுவது என்று சில வீடுகளில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே செல்லச் சண்டை வர அந்த ஆட்டம் போதுமானதாக இருந்தது.

வாழையிலை வடிவில் அரங்கம்

2019இல் ஆசிய வெற்றியாளர் லீக்கின் குழுச் சுற்றில் ஆடிய முதல் மலேசியக் கழகமானது ஜேடிடி. அப்போதைய ஆசிய வெற்றியாளரான ஜப்பானின் காஷிமா அண்ட்லர்ஸ், லார்க்கினில் 0-1 என்று தோற்றுத் திரும்பியது. 2020 பிப்ரவரியில் இஸ்கண்டார் புத்ரியில் சுல்தான் இப்ராகிம் அரங்கம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 40,000 பேர் அமரலாம். அதன் வடிவம் வாழையிலையை ஒட்டியது. 2022இல் அதே அரங்கில் கொரியாவின் உல்சான் ஹியுண்டாயை இரண்டு முறை 2-1 என்று வென்று குழுவில் முதலிடம் பிடித்தது. அடுத்த சுற்றில் ஜப்பானின் உராவா 5-0 என்று வென்று, ஆசியாவின் உச்சம் இன்னும் எவ்வளவு தொலைவு என்பதையும் காட்டியது.

பெயர் மாறினால் கழகம் யாருடையது?

ஆஸ்திரியாவில் இதே கேள்வி வேறு விதமாக எழுந்தது. 1933இல் தோன்றி, ஊதாவும் வெள்ளையும் அணிந்து, 1994 யூஇஎஃப்ஏ கிண்ண இறுதியாட்டம் வரை சென்ற கழகம் ஆஸ்திரியா சால்ஸ்பர்க். 2005இல் ரெட் புல் நிறுவனம் அதை வாங்கிப் பெயரையும் நிறத்தையும் மாற்றியது. ஏற்க மறுத்த இரசிகர்கள் பழைய பெயரில் புதுக் கழகம் தொடங்கி, ஏழாம் நிலை லீக்கிலிருந்து மேலேறி, 2015இல் இரண்டாம் நிலைக்கு வந்தார்கள்.

ஜொகூரில் அப்படி ஒரு பிளவு வரவில்லை. மாநிலத்தின் பெயரும் கொடியின் நிறங்களும் நிலைத்தன. வெற்றியும் உடனே வந்தது. 'பாய்ஸ் ஆஃப் ஸ்ட்ரேட்ஸ்' என்ற இரசிகர் கூட்டம் மேலும் பெருகியது.

எதிரி இல்லாத வெற்றி

ஆனால் வேறொரு கவலை இருக்கிறது. 2022, 2023, 2024-25 ஆகிய மூன்று பருவங்களிலும் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றும் ஜேடிடிக்கே. மற்ற கழகங்களோ சம்பளம் கொடுக்க முடியாமல் தவிக்கின்றன. பேராக், ஸ்ரீ பகாங், கெடா ஆகிய பழம்பெரும் அணிகள் 2025-26 சூப்பர் லீக்கில் இல்லை.

இந்தச் சரிவு நம் சமூகத்தை முன்பே தொட்டுவிட்டது. மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றத்தின் ஆதரவில் வளர்ந்த மிஃபா அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்கில் நுழைந்தது. 2022 பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் விளையாடியது. அந்தப் பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. இந்திய இளைஞர்களுக்கு உயர்நிலைக் காற்பந்தில் திறந்திருந்த ஒரு கதவு அதோடு அடைபட்டது.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயன் வீடுகளோடு திடல்களும் போயின. கோல் கம்பத்துக்கு மூங்கில் நட்டு ஆடிய தலைமுறை இன்று அரங்கின் இருக்கையில் அமர்ந்து கைதட்டுகிறது. ஜேடிடியின் 11 பட்டங்களில் உலு திராம் தமிழருக்கும் உரிமையான மகிழ்ச்சி உண்டு. அடுத்த குணாளன் எந்தத் திடலில் பந்து உதைத்துப் பழகுவான் என்பதுதான் இனி பெற்றோரும் பள்ளிகளும் ஊர் மன்றங்களும் பார்க்க வேண்டிய கணக்கு.