ஒரு மாத்திரையின் சென்னை வழக்கு

1998 ஜூலை 17 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் பதிவானது. எண் 1602/எம்ஏஎஸ்/98. நடுவில் உள்ள எழுத்துகள் மெட்ராஸைக் குறிப்பவை. கொடுத்தவர்கள் சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ் நிறுவனத்தார். இமாடினிப் மெசிலேட் என்ற மருந்தின் பீட்டா படிக வடிவத்தை இந்தியாவில் தாங்கள் மட்டுமே விற்கும் உரிமை வேண்டும் என்பது கோரிக்கை. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, கிளிவெக் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போன ரத்தப் புற்றுநோய் மருந்து அது. அந்த ஒரு விண்ணப்பத்தின் மேல் பதினைந்து வருடம் சண்டை நடந்தது. அதில் பெரும்பகுதி நடந்த இடம் நம் சென்னை.

நான் ஜி.எச். பக்கம் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வழக்கைப் பற்றி வக்கீல்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தவன் என்ற முறையில், மருந்து வாங்க வருகிற குடும்பங்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் நோய். சி.எம்.எல். என்று டாக்டர்கள் சீட்டில் எழுதுவார்கள். இரண்டு குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது. அந்தக் கோளாறான குரோமோசோமை 1960-ல் பிலடெல்பியாவில் கண்டுபிடித்தார்கள். அதனால் உண்டாகும் ஒரு புரதம் வெள்ளை அணுக்களை ஓயாமல் பெருக வைக்கும். இமாடினிப் அந்தப் புரதத்தின் வேலையை நிறுத்துகிறது. முன்பெல்லாம் சில வருடங்களில் ஆளைக் கொண்டுபோன நோய். இந்த மருந்து வந்தபின் பெரிய சோதனை ஒன்றில் ஐந்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு உயிரோடு இருந்தார்கள். ஒரே நிபந்தனை, நிறுத்தக் கூடாது. தினம் 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரோடு, பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க.

இந்த நிபந்தனையைச் சொல்வதுதான் எங்களுக்குக் கஷ்டம். இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை வருவதற்கு முன்பு, ஆரணிப் பக்கத்து நெசவாளர் ஒருவரின் மனைவி சீட்டோடு வந்தார். விலை விசாரிக்கத்தான் வந்திருந்தார்.

“கோர்ஸுக்கு எவ்வளவு ஆவும்ண்ணே?”

“கோர்ஸெல்லாம் இல்லம்மா. மாசாமாசம் வாங்கணும்.”

லட்சத்து இருபதாயிரம் என்றேன். அது ஒரு மாதக் கணக்கு என்பது அவருக்குப் பிடிபட நேரமாயிற்று. பிறகு மெதுவாகக் கேட்டார்: “பத்து மாத்திரை மட்டும் போட்டா எத்தனை நாளைக்குத் தாங்கும்?”

எங்கள் கடையில் அட்டையைக் கத்தரியால் நறுக்கி ஐந்து, ஏழு என்று கொடுப்பது தினசரி வழக்கம். காலாவதித் தேதி அச்சிட்ட ஓரத்தை மட்டும் கடைசிவரை வெட்டாமல் வைத்திருப்போம். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் அது சரி. நறுக்கிக் கொடுத்துச் சமாளிக்க முடியாத மருந்தை நான் பார்த்தது அப்போதுதான்.

2003-ல் ஹைதராபாத் நாட்கோ நிறுவனத்தின் வீனாட் வந்தது. வேறு சில கம்பெனிகளும் தயாரித்தன. மாதத்துக்கு எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம். நெசவாளர் வீட்டுக்கு அதுவும் பாரம்தான், ஆனால் கடன் வாங்கியாவது தொடரலாம். ஒரே உப்பு, ஒரே அளவு, பன்னிரண்டில் ஒரு பங்கு விலை.

இது எப்படி முடிந்தது என்றால் 1959-க்குப் போக வேண்டும். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன 1911-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. மருந்துக்கு உலகத்திலேயே அதிக விலை கொடுக்கும் நாடுகளில் ஒன்று இந்தியா என்று அமெரிக்க செனட் குழு ஒன்றே பிறகு சொன்ன காலம் அது. அந்தச் சட்டத்தை ஆராய மத்திய அரசு நியமித்தவர் மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதி ராஜகோபால அய்யங்கார். 1959 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார். மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கூடாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்பது அதன் சாரம். அதை ஒட்டி 1970-ல் சட்டம் வந்து 1972-ல் அமலானது. வேறு வழியில் தயாரிக்கத் தெரிந்தவர் எவரும் அதே மருந்தைத் தயாரிக்கலாம் என்றானது. இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது அந்த வாசல் வழியாகத்தான். அய்யங்காருக்கு இந்த ஊரில் ஒரு பெரிய நினைவுச்சின்னம் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிறகு உலக வர்த்தக அமைப்பு வந்தது. 2005-க்குள் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தரவேண்டிய கட்டாயம். இடைக்கால ஏற்பாடாக 2003 நவம்பரில் நோவார்டிஸுக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. 2004 தொடக்கத்தில் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் சில இந்தியக் கம்பெனிகளுக்கு எதிராக இடைக்காலத் தடையும் கிடைத்தது. நோயாளிகள் கலங்கிப்போனார்கள். மும்பையில் 1969-லிருந்து இயங்கிவந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

2005 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபோது, இடதுசாரிக் கட்சிகளின் வற்புறுத்தலில் 3(டி) என்று ஒரு பிரிவு சேர்ந்தது. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால், பலன் கூடியிருப்பதாகக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கிடையாது. அதோடு, காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்ற வழியும் திறந்தது. அந்த வழியில் மருந்துக் கம்பெனிகளோடு நோயாளிகளின் சங்கமும் போய் நின்றது.

2006 ஜனவரி 25 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்த மே மாதம் நோவார்டிஸ் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு வந்தது. 3(டி) பிரிவே அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்பது வாதம். வழக்கைக் கைவிடச் சொல்லி உலகம் முழுவதிலிருந்தும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் மனுவைத் தள்ளினார்கள். மேல்முறையீட்டு வாரியமும் 2009-ல் காப்புரிமை தர மறுத்தது. கடைசியில் சுப்ரீம் கோர்ட். புது வடிவம் உடம்பில் முப்பது சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றது கம்பெனி. அது நோயைக் கூடுதலாகக் குணப்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது கோர்ட். 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா தேசாயும் விண்ணப்பத்தை இறுதியாகத் தள்ளுபடி செய்தார்கள்.

கம்பெனி தரப்பில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் ஆயிரக்கணக்கான பேருக்கு அவர்கள் இந்த மாத்திரையை இலவசமாகக் கொடுத்தார்கள். அதனால் பிழைத்தவர்கள் உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இலவசம் என்பது கொடுப்பவர் வகுக்கும் விதிப்படி, அவர் கொடுக்கும்வரை. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்துக்கு அது போதாது. கடையில் தாங்கக்கூடிய விலையில் கிடைப்பதுதான் நோயாளிக்குப் பிடிமானம். கடையில் இருந்தவன் என்பதால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தச் சண்டையால் இன்னொரு கதவும் திறக்கும் என்று நம்பினோம். 2012 மார்ச்சில், மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்ற நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க, காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே, நாட்கோவுக்கு அரசு கட்டாய உரிமம் கொடுத்தது. 2005 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் மருந்துக்குக் கொடுக்கப்பட்ட கட்டாய உரிமம் இதுவரை அது ஒன்றுதான். புதிது புதிதாக வரும் மருந்துகளின் விலையைப் பார்த்தால் இது வெட்கப்பட வேண்டிய கணக்கு.

இமாடினிப் இன்று இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், 2015 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு வழிவிட்ட அந்த ஆட்சேபணை உரிமை சுருங்கிவருகிறது. 2024 மார்ச்சில் வந்த திருத்த விதிகள் ஆட்சேபிப்பவரிடம் கட்டணம் கேட்கின்றன. ஆட்சேபணையை ஏற்பதா வேண்டாமா என்று முதலில் அதிகாரி முடிவு செய்வார் என்றும் சொல்கின்றன. வசதியுள்ள கம்பெனிக்கு அது தடையல்ல, நோயாளிச் சங்கத்துக்குத் தடை. காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு இன்னும் “எந்த நபரும்” ஆட்சேபிக்கலாம் என்றுதான் சொல்கிறது. உங்கள் வீட்டில் புற்றுநோயாளி இருந்தால், உங்கள் ஊரில் நோயாளிகள் சங்கம் இருந்தால், அந்தப் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கட்டணத்தை நீக்கச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்.